ஒற்றை வீட்டுச் சொந்தக்காரர்: வாடகைப் பிரச்னையைப் பற்றி ஒரு விசாரணை

வாடகையைச் செலுத்தியவனை வீட்டைவிட்டு வெளியேற்றும் சொந்தக்காரனுக்கும், போகச் சொன்ன பிறகும் போகாமல் தங்கியிருக்கும் குடித்தனக்காரனுக்கும் அர்த்தசாஸ்திரம் விதிக்கும் அபராதம் ஒன்றே: 12 பணம். மூன்றாம் அதிகரணத்தில் வாஸ்து விவகாரங்களைப் பேசும் பகுதியில் காணப்படும் இந்த விதி, இருவரையும் சமமான பொறுப்புடையவர்களாகவே கருதுகிறது. அதற்குப் பின் வந்த ராஜாங்கங்களும் சர்க்கார்களும் அந்தச் சமத்துவத்தைக் காலத்துக்கு ஏற்றவாறு ஒரு பக்கமோ மறு பக்கமோ சாய்த்திருக்கின்றன. ஆனால், பழைய விதியிலும் புதிய சட்டங்களிலும் ஒரு விஷயம் பெரும்பாலும் கவனிக்கப்படாமலே போயிற்று. நூறு வீடுகளை வைத்து வாடகை வாங்குபவரும், தாம் குடியிருக்கும் வீட்டின் மாடியை மட்டும் வாடகைக்கு விட்டு அந்தத் தொகையில் மருந்துச் செலவைச் சமாளிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே ஜாதியாகவே தெரிகிறார்கள்.

இத்தகைய சிறிய சொந்தக்காரர் படும் சிரமங்கள் யாவை, அவற்றுக்கு மூலகாரணம் சட்டமா, முதலீட்டுக் கணக்கா, அல்லது வீட்டுக்காரர்-குடித்தனக்காரர் உறவிலேயே உறைந்து கிடக்கும் அவநம்பிக்கையா என்ற வினாவுக்கு முக்கால் நூற்றாண்டாக வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றைத் தமிழ்நாட்டின், சிறப்பாகச் சென்னையின் அநுபவத்தை முன்னிறுத்திப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறிய சொந்தக்காரர் என்பவர் யார்?

நகர வாடகை வீடுகளைப் பற்றி எழுதிய அறிஞர்களுள் சுனில் குமார், பெங்களூரிலும் சூரத்திலும் நடத்திய ஆராய்ச்சிகளின் பயனாக, வாடகைக்கு விடுவோரை மூன்று வகையாகப் பிரித்தார்: அன்றாட ஜீவனத்துக்காக ஓர் அறையையோ இரண்டையோ விடுபவர், குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தைச் சற்று உயர்த்திக்கொள்ள விடுபவர், வந்த வாடகையை மீண்டும் முதலாக்கிச் சொத்தைப் பெருக்குபவர். வாடகை என்ற ஒரே வருமானம் இம்மூவருடைய குடும்பங்களிலும் மூன்று வேறு காரியங்களைச் செய்கிறது என்பதை எடுத்துக்காட்டியதே இந்தப் பிரிவினையின் பெருமை. முதல் வகையாருக்கு வாடகை ஒரு மாதம் தவறினால் மளிகைக் கடைப் பாக்கி நிற்கும். மூன்றாம் வகையாருக்கு அடுத்த மனை வாங்குவது தள்ளிப்போகும், அவ்வளவே. எனினும் இந்தப் பிரிவினைக்கும் ஒரு குறை உண்டு. ஒரே மனிதர் நாற்பது வயதில் மூன்றாம் வகையாராக இருந்து, எழுபது வயதில் முதல் வகையாராக மாறிவிடக்கூடும். கடன் வாங்கி முதலீடாகக் கட்டிய மாடியே பிற்காலத்தில் பென்ஷனாகிவிடுவது நம்மிடையே சர்வ சாதாரணம்.

இந்தச் சிறியவர்கள் இயங்கும் வாடகைச் சந்தையின் நிலையும் கவனிக்கத்தக்கது. இந்திய நகரங்களில் 1961ல் 54 சதவீதமாக இருந்த வாடகைக் குடியிருப்பின் பங்கு 2011ல் 28 சதவீதமாகச் சுருங்கிவிட்டதென்று 2017-18ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை சுட்டிக்காட்டியது. அதே 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தன. வீடு தேடுவோர் தெருத்தெருவாக அலைய, வீடு வைத்திருப்போர் பூட்டை மாட்டி வைத்திருக்கும் இந்த விசித்திரத்தை விளக்குவதில்தான் கட்சிகள் பிரிகின்றன.

சட்டமே காரணம் என்ற கட்சி

இவற்றுள் மிகப் பழமையானது, வாடகைக் கட்டுப்பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் கட்சி. யுத்த காலத்தில் சென்னை மாகாணத்தில் 1941ல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. அவசர காலத்துக்கென்று வந்த அந்த ஏற்பாடு யுத்தம் முடிந்த பிறகும் மறையவில்லை. 1946, 1949 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களாக உருமாறி, இறுதியில் 1960ஆம் ஆண்டின் கட்டட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைபெற்று, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தமிழ்நாட்டின் நகரங்களை ஆண்டது.

அச்சட்டத்தின் கட்டமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. வீடு காலியானால் ஏழு நாட்களுக்குள் சொந்தக்காரர் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். சர்க்காருக்கு வேண்டுமென்றால் அதைத் தன் உத்தியோகஸ்தர்களுக்கு எடுத்துக்கொள்ளும். மனையின் சந்தை மதிப்பு, கட்டுமானச் செலவு, வசதிகள் ஆகியவற்றைக் கூட்டித் தேய்மானத்தைக் கழித்து வரும் மொத்தத்தில், குடியிருப்பானால் வருடத்துக்கு 9 சதவீதமும் கடையானால் 12 சதவீதமும் நியாய வாடகை. வேண்டுமென்றே வாடகை தராதது, உள்வாடகைக்கு விட்டது, சொந்தத் தேவை, இடித்துக் கட்டுவது போன்ற குறிப்பிட்ட காரணங்களை நிரூபித்தாலொழியக் குடித்தனக்காரரை வெளியேற்ற இயலாது. மேல்மாடியில் இருப்பவர் கீழ்ப்பகுதியும் தமக்கு வேண்டுமென்று கேட்டால், சொந்தக்காரருக்கு உண்டாகும் அநுகூலத்தைவிடக் குடித்தனக்காரருக்கு உண்டாகும் கஷ்டம் அதிகமா என்று அதிகாரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம், அதன் மேல் அப்பீல், அதற்கும் மேல் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு, எல்லாம் முடிந்த பிறகு தீர்ப்பை நிறைவேற்றத் தனி மனு என்று வழக்கு ஏறிக்கொண்டே போகும். பல வீடுகள் உள்ளவருக்கு இது வக்கீல் கட்டணமாகும் வியாபாரச் செலவு. ஒரு வீடு உள்ளவருக்கோ மகளின் கல்யாணத்துக்கோ தம் முதுமைக்கோ தேவைப்பட்ட வீடு, தேவை தீர்ந்த பின்னும் கிடைக்காமல் போகும் துயரம்.

பொருளாதார நூல்களில் இந்தக் கட்சிக்குக் கொடி பிடித்தவர்கள் மில்டன் ஃப்ரீட்மனும் ஜார்ஜ் ஸ்டிக்ளரும் ஆவர். உச்சவரம்பு கட்டினால் புது வீடுகள் எழா, உள்ள வீடுகள் சீர்கெடும் என்று அவர்கள் 1946லேயே வாதிட்டார்கள். பம்பாயில் 1940ஆம் ஆண்டின் வாடகை அளவிலேயே உறைந்து போன 1947ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வாதத்துக்குப் பிரத்தியட்ச உதாரணமாயிற்று. மால்பே விஸ்வநாத் ஆசார்யா வழக்கில் 1997ல் உச்ச நீதிமன்றமே, காலப்போக்கில் அந்த உறைநிலை நியாயமற்றதாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்தது. சட்டம் தொடக்கத்தில் செல்லுபடியாக இருந்தது, பண மதிப்பு வீழ்ந்த பிறகும் பழைய அளவையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் தவறு என்ற அந்த நோக்கு, குடித்தனக்காரரின் பாதுகாப்பை மறுக்காமலே சொந்தக்காரரின் குறையை அங்கீகரித்தது. தமிழ்நாட்டில் காற்று எதிர்த்திசையில் வீசியதும் உண்டு: மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள குடியிருப்புகளுக்கு இருந்த விலக்கை 1986ல் ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்ததால், குடியிருப்புகளுக்கு வாடகை அளவை வைத்துச் சட்டத்திலிருந்து தப்பும் வழி அடைபட்டது.

இக்கட்சியின் பலவீனங்கள் இரண்டு. எல்லாக் கட்டுப்பாடும் ஒன்றல்ல என்று ரிச்சர்டு ஆர்னாட் 1995ல் நினைவூட்டினார். வாடகையை உறைய வைப்பது வேறு, ஆண்டுதோறும் நியாயமான உயர்வை அநுமதித்துக்கொண்டு திடீர் வெளியேற்றத்தை மட்டும் தடுப்பது வேறு. முதலாவதற்கு எதிரான சான்றுகளை இரண்டாவதன் மீதும் சுமத்துவது முறையன்று. மறுபக்கத்தில், மென்மையான கட்டுப்பாட்டுக்கும் விலை உண்டென்பதை சான்பிரான்சிஸ்கோ அநுபவம் காட்டுகிறது. 1980க்கு முன் கட்டப்பட்ட, நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத சிறு கட்டடங்களுக்கும் அந்நகரம் 1994ல் கட்டுப்பாட்டை விரிவுபடுத்தியது. அதன் பலனை ஆராய்ந்து டயமண்டு, மெக்குவேடு, சியான் ஆகியோர் 2019ல் வெளியிட்ட கட்டுரைப்படி, பழைய குடித்தனக்காரர்கள் தம் இடத்திலேயே நிலைத்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்ட கட்டடங்களின் சொந்தக்காரர்கள் வாடகை வீடுகளின் எண்ணிக்கையை 15 சதவீதம் குறைத்து, விற்றோ மாற்றிக் கட்டியோ வெளியேறினார்கள். நகரம் முழுவதிலும் வாடகை 5 சதவீத அளவு ஏறிற்று. சட்டம் கைவைத்தது சிறு கட்டடங்களின் மீது என்பதே நம் விசாரணைக்கு முக்கியம். மாற்றிக் கட்டப் பணமும் கடனும் உள்ள சொந்தக்காரரே தப்பித்தார் என்று ஊகிக்க இடமிருக்கிறது; அந்தச் சக்தியில்லாதவருக்கு எஞ்சிய உபாயம் விற்பனை ஒன்றுதான்.

இரண்டாவது பலவீனம் உள்ளூருக்கு உரியது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, வாடகையை இரு தரப்பின் ஒப்பந்தத்துக்கே விட்டுவிடும் 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டுப்பாடே முழுக் காரணமாக இருந்திருந்தால், அது நீங்கிய பின் சிறிய சொந்தக்காரரின் சிரமமும் நீங்கியிருக்க வேண்டும். அவ்வாறு ஆகவில்லை.

கணக்கே காரணம் என்ற கட்சி

சிரமத்தின் வேர் வீட்டின் விலைக்கும் வாடகைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது என்பது இரண்டாம் கட்சி. இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 80 லட்ச ரூபாய் மதிப்புள்ள அடுக்குமாடி வீடு. மாத வாடகை 20,000. வருடத்துக்கு 2,40,000, அதாவது 3 சதவீதம். குடித்தனம் மாறும்போது ஒரு மாதம் காலியாக நின்றால் 20,000 போயிற்று. சொத்து வரி 8,000 என்றும், பெயிண்டிங், மோட்டார், குழாய், குளியலறைக் கசிவு என்று சராசரியாக 25,000 என்றும் கழித்தால் எஞ்சுவது 1,87,000. சொந்தக்காரர் 20 சதவீத வருமான வரி வரம்பில் இருப்பவரானால், சட்டம் அளிக்கும் 30 சதவீத நிலைக் கழிவுக்குப் பிறகும் ஏறத்தாழ 30,000 வரியாகிறது. கையில் நிற்பது முதலில் 2 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த வீட்டுக்கு 60 லட்சம் கடன் வாங்கியிருந்தால், எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத் தவணை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டும். வாடகை அதில் பாதியைக்கூடத் தொடாது.

சென்னையில் 1998க்குப் பின் பொது உயர்வு காணாதிருந்த சொத்து வரி 2022ல் திருத்தப்பட்டபோது, பழைய மாநகராட்சிப் பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 50 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 சதவீதமுமாக உயர்வு ஏற்பட்டது. சிறிய வீட்டுக்குக் குறைந்த உயர்வு என்ற அந்த ஏணிமுறையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அது வீட்டின் அளவைப் பார்க்கிறதே தவிர, சொந்தக்காரரிடம் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பதைப் பார்ப்பதில்லை.

வாடகை குறைவாக இருந்தாலென்ன, மனை விலை ஏறுகிறதே என்பது இக்கட்சிக்கு வழக்கமாகக் கூறப்படும் மறுப்பு. பல வீடுகளை வாங்கி விற்பவருக்கு அது பொருந்தும். தாம் குடியிருக்கும் கட்டடத்தின் மாடியை வாடகைக்கு விட்டவருக்கு விலையேற்றம் காகிதத்தில் மட்டுமே லாபம். ஓர் அறையை மட்டும் விற்று ஆஸ்பத்திரிச் செலவைச் செய்ய முடியாது.

ஆனால் இந்தக் கட்சியும் சராசரிகளிலேயே நின்றுவிடுகிறது. சிறியவரை வாட்டுவது குறைந்த வருமானம் மாத்திரமன்று. அந்த வருமானம் முழுவதும் ஒரே கதவுக்குள் இருக்கிறது என்பதுதான். நூறு வீடு உள்ள ஒருவரிடம் ஒரு வீடு ஒரு மாதம் காலியாயிருந்தால் வருட வருமானத்தில் 1,200ல் ஒரு பங்கு குறையும். ஒற்றை வீட்டுக்காரருக்கு அதே ஒரு மாதம் 12ல் ஒரு பங்கு. ஒரு குடித்தனக்காரர் வாடகையை நிறுத்திவிட்டு வழக்காடினால் முன்னவர் அதைச் சராசரியில் கரைத்துவிடுவார். பின்னவருக்கு வருமானமே நின்றுவிடும். இடருக்குத் தக்க ஊதியம் கிடைக்கும் என்ற பொருளாதார சித்தாந்தம் இங்கே தலைகீழாகிறது: அதிக இடரைச் சுமப்பவருக்கு அதற்கென்று ஒரு ரூபாய்கூட அதிக வாடகை கிடைப்பதில்லை, ஏனெனில் அதே தெருவில் உள்ள பெரிய சொந்தக்காரரின் வீட்டுக்கு என்ன வாடகையோ அதுவே இவர் வீட்டுக்கும். 2020 மார்ச் 29ல், ஊரடங்கை முன்னிட்டு, தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாதென்று மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது. மனிதாபிமானத்தில் பிறந்த அந்த உத்தரவின் நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் தொழிலாளியின் அறைக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் அடுத்த அறையில் வசிக்கும் மற்றோர் எளியவரே என்ற உண்மை அதில் இடம்பெறவில்லை.

அட்வான்ஸ் என்னும் ஈடு

இந்த ஒற்றைக் கதவின் இடருக்குச் சமூகம் தானாகவே கண்டுபிடித்த பரிகாரம் அட்வான்ஸ். 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதைத் தடுத்திருந்தது. அந்தச் சட்டத்தின் நிழலிலேயே சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்ற சம்பிரதாயம் வேரூன்றி வளர்ந்தது. வழக்காடினால் வருஷக்கணக்கில் ஆகும் என்று அறிந்த சொந்தக்காரர், வழக்குக்குப் பதிலாகக் கையில் ஈடு கேட்டார். ஆனால் நரசிம்ம ராவ் எதிர் நசிமுத்தீன் அகமது வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம், சட்ட வரம்புக்கு மேல் வாங்கிய முன்பணம் கையில் இருக்கும்போது அது வாடகைப் பாக்கிக்கு ஈடாகும் என்றும், ஆகவே வேண்டுமென்றே வாடகை தராத குற்றம் நிலைக்காது என்றும் கருதியது. பாதுகாப்புக்காக வாங்கிய பணமே வழக்கில் சொந்தக்காரரைத் தோற்கடித்தது.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் நாளைப் போலச் சச்சரவு மிகுந்த நாள் வாடகை உறவில் வேறில்லை. காலி செய்பவர் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் என்கிறார் வீட்டுக்காரர். நாங்கள் வரும்போதே சுவர் இப்படித்தான் இருந்தது என்கிறார் இவர். மின்சார மீட்டரில் கடைசி ரீடிங் எடுத்து, சப்-மீட்டர் வைத்த வீடானால் யூனிட்டுக்கு எவ்வளவு என்ற பழைய தகராறும் கிளம்புகிறது. வாரியம் ஓர் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருவதை ஒரே இணைப்பிலிருந்து பிரித்துக் கொடுக்கும் வீட்டுக்காரர் எப்படிப் பகிர்ந்தார் என்பது அப்போதுதான் கேள்வியாகிறது. ஆணி அடித்த துளைகள், கறை படிந்த சிங்க், உடைந்த ஜன்னல் கொக்கி என்று பட்டியல் நீளும். குடிவந்த அன்று இவற்றின் நிலையை எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று இருந்திருந்தால் பாதிச் சச்சரவு எழாது. அத்தாள் இருப்பது அபூர்வம்.

இதற்கும் ஆழத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிறிய சொந்தக்காரர் பல சமயங்களில் அட்வான்ஸைத் தனியே வைத்திருப்பதில்லை. கடனை அடைத்திருப்பார், மாடிக்குத் தளம் போட்டிருப்பார், பிள்ளையின் காலேஜ் கட்டணம் கட்டியிருப்பார். அடுத்த குடித்தனக்காரரின் அட்வான்ஸ் வந்தால்தான் முன்னவருக்குத் தர முடியும். வீடு உடனே நிரம்பும் காலத்தில் இந்த ஏற்பாடு ஓசையின்றி ஓடும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு தாழ்வான பகுதிகளிலும், 2020ல் தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் ஊர் திரும்பியபோது பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்திலும் நேர்ந்ததுபோல வீடுகள் ஒருசேரக் காலியாகும்போது அது அறுந்துவிடும். மாத வாடகையின்றிப் பெருந்தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று வருடங்களுக்கு வீட்டைக் கொடுக்கும் போக்கிய முறையில், லீசு என்று ஜனங்கள் வழங்கும் முறையில், இந்த அபாயம் பன்மடங்காகிறது. உண்மையில் அது வங்கியின் வாசலை மிதிக்க முடியாத வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் வாங்கும் கடன். அந்த வீடே ஏற்கனவே வங்கியில் அடமானமாயிருந்து, ஒரு நாள் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டப்படும்போது குடித்தனக்காரர் அடையும் நிர்க்கதி சொல்லி முடியாது. இதில் சிறிய சொந்தக்காரரின் கஷ்டத்தைப் பேசுவோர், அக்கஷ்டம் தம்மைவிட எளியவரின் தலையில் இறங்கக்கூடும் என்பதையும் சேர்த்தே பேசக் கடமைப்பட்டவர்கள்.

ஒப்பந்தமும் பதிவும்

மூன்றாம் கட்சி, குழப்பத்துக்கெல்லாம் வேர் எழுத்தின்மையே என்று கருதுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு வேண்டுமென்றதால், நாடெங்கும் 11 மாத ஒப்பந்தம் என்ற வழக்கம் உண்டாயிற்று. முத்திரைக் கட்டணத்தையும் அலுவலக அலைச்சலையும் தவிர்க்க இருவரும் மனமொத்துச் செய்த ஏற்பாடு அது. வழக்கு வந்தபோது மட்டும் அதன் மெலிவு தெரிந்தது.

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் காலஅளவைப் பாராமல் எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவையும் கட்டாயமாக்கியது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்றது. வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று படிகளை அமைத்தது. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததையே வீட்டைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு காரணமாகவும் ஏற்றுக்கொண்டது. 2021 ஜூன் 2ல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதமும் மற்றவற்றுக்கு ஆறு மாதமும் முன்பண உச்சவரம்பு வைத்து, காலம் முடிந்தும் வெளியேறாதவருக்கு முதல் இரண்டு மாதங்களுக்கு இரட்டிப்பும் அதன் பின் நான்கு மடங்கும் வாடகை விதிக்கிறது.

இந்த வழி சரியானதே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதன் பலவீனம் அதன் அநுமானத்தில் இருக்கிறது. இருவரும் ஒப்பந்தத்தைப் படித்து, பதிந்து, உரிமையைக் கோரக்கூடியவர்கள் என்று சட்டம் கொள்கிறது. வாய்ப்பேச்சிலும் தெரிந்தவர் சிபாரிசிலும் அறையை விடும் எளிய சொந்தக்காரருக்கு, பதிவு செய்யாத ஒப்பந்தமே தம் வழக்கைக் கெடுத்துவிடும் என்ற செய்தி, வழக்கு வந்த பிறகே எட்டுகிறது. வருமான வரி அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயமும் பதிவைத் தடுக்கிறது. பெரிய சொந்தக்காரர் தம் கணக்காளரைக் கொண்டு ஒரே நாளில் முடிக்கும் காரியம் இது; சட்டத்தின் பலன் யாருக்கு வேண்டுமோ அவருக்கே கடைசியில் எட்டுகிறது.

தேர்வும் விலக்கலும்

ஒரே குடித்தனக்காரரை நம்பி நிற்கும் சொந்தக்காரர், அவரைத் தேர்ந்தெடுப்பதில் அளவுகடந்த எச்சரிக்கை கொள்கிறார். அந்த எச்சரிக்கை எங்கே போய் முடிகிறது என்பது டூ-லெட் போர்டின் அடியில் எழுதப்படும் நிபந்தனைகளிலும் புரோக்கரின் முதல் கேள்வியிலும் தெரியும்: என்ன ஆட்கள், சைவமா, குடும்பமா, பேச்சிலரா? தில்லித் தலைநகர் வட்டாரத்தில் சுகதேவ் தோரத் முதலியோர் நடத்தி 2015ல் வெளியிட்ட ஆராய்ச்சி, தலித்துகளும் முஸ்லிம்களும் வாடகை வீட்டுச் சந்தையில் பேதத்துக்கு ஆளாவதைத் தெளிவாக நிறுவியது. சிறிய சொந்தக்காரருக்கு அநுதாபம் காட்டும் எழுத்துகளில் இதை அவருடைய இயல்பான ஜாக்கிரதை என்று ஒதுக்கிவிடும் போக்கு உண்டு. அதை நான் ஏற்கவில்லை. வாடகை தவறாது தருவாரா, வீட்டைப் பேணுவாரா என்பவை ஜாக்கிரதை. எந்தச் சாதி என்பது ஜாக்கிரதையன்று. இடர் குறைந்தால் பேதமும் தானே குறையும் என்று எதிர்பார்ப்பதற்கும் ஆதாரம் போதாது. 1960ஆம் ஆண்டுச் சட்டமும் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த விஷயத்தில் மௌனம் சாதிப்பது ஒரு பெருங்குறையே.

பத்திரச் சிக்கல்களும் நிர்வாகமும்

வாங்கும் கட்டத்தில் எழும் பிரச்னைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் ஒத்துவராத மனை, பாகப்பிரிவினை முடியாத கூட்டுச் சொத்து, பவர் பத்திரத்தில் கைமாறிய இடம் ஆகியவை சிறிய முதலீட்டாளரின் வாழ்நாள் சேமிப்பை விழுங்கக்கூடியவை. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, பஞ்சாயத்து அப்ரூவல் என்ற சொல்லை நம்பி வாங்கிய எளியவர்களே அதிகம் தவித்தனர். 2017ல் வந்த வரன்முறை விதிகள் ஓரளவு வழி திறந்தன.

வீட்டை நிர்வாகக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டால் தொல்லை தீரும் என்று கூறுவோரும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அது உதவக்கூடும். இரண்டு சதவீதம் மிஞ்சும் ஒற்றை வீட்டில் கம்பெனியின் பங்கும் போனால் மீதி என்ன என்பதற்கு அவர்கள் விடை கூறுவதில்லை.

எஞ்சி நிற்பவை

இதுவரை கண்ட கட்சிகளுள் ஒன்றேனும் முழுவதும் பொய்யானதன்று. உறைந்த வாடகை தீங்கு விளைத்தது, குறைந்த வருமானம் வீடுகளைப் பூட்டி வைக்கச் செய்கிறது, எழுத்தில்லாத ஒப்பந்தம் இருவரையும் கெடுக்கிறது. எனினும் மூன்றும் சொந்தக்காரரின் அளவை ஒரு பொருட்டாகக் கொள்ளாமல் பேசுகின்றன. சொந்தக்காரர்களுக்குள் வேறுபாடு கருதிய சட்டம் அறவே இல்லாமலும் இல்லை: தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால், ஓய்வுபெறும் சர்க்கார் ஊழியர்களுக்கும் விதவைகளுக்கும் தம் வீட்டை விரைவில் மீட்க விசேஷ உரிமை அளித்தது. ஆனால் அது உத்தியோகத்தையும் நிலைமையையும் பார்த்ததே தவிர, எத்தனை வீடுகள் என்று எண்ணவில்லை. எண்ணிக்கையை அளவுகோலாக்கினால் பெரியவர்கள் சொத்தை மனைவி மக்கள் பெயரில் பிரித்து எழுதிச் சிறியவர்களாக வேஷம் போடுவார்களா என்பது விசாரிக்க வேண்டிய ஆட்சேபம்.

விரைவில் வீட்டை மீட்கும் உரிமையைச் சிறியவருக்கு அளித்தால், சிறியவர்களின் வீடுகளிலேயே பெரும்பாலும் வசிக்கும் ஏழைக் குடித்தனக்காரர் எந்த அளவுக்குப் பாதுகாப்பை இழப்பார் என்பதும் தீர்ந்த கேள்வியன்று. அதைவிடக் கடினமானது அட்வான்ஸைப் பற்றியது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் வாடகை முன்பணம் அங்கீகரிக்கப்பட்ட பொதுத் திட்டம் ஒன்றின் பாதுகாப்பில் வைக்கப்பட வேண்டும். தகராறு எழுந்தால் நடுவர் தீர்ப்பார். அந்த முறை இங்கு வந்தால் சாவி ஒப்படைக்கும் நாளின் சச்சரவுகளில் பெரும்பகுதி ஓயும் என்று நம்பலாம். ஆனால் மாடிக்குத் தளம் போடவும் கடனைத் தீர்க்கவும் அந்தப் பணத்தையே நம்பியிருக்கும் சொந்தக்காரருக்கு, அதற்கு ஈடாகக் குறைந்த வட்டியில் பழுதுபார்ப்புக் கடன் தரும் வங்கி ஏற்பாடு இல்லாவிட்டால், அவர் வாடகையை உயர்த்துவாரா, வீட்டைப் பூட்டி வைப்பாரா, அல்லது சட்டத்துக்குத் தெரியாமல் பழைய பத்து மாதத்துக்கே திரும்புவாரா என்பதை நடைமுறையில் சோதித்துத்தான் அறிய வேண்டும்.